கிட்டார் பெடல் மக்கர் பண்ணினால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்தப் பக்கத்தில் எலக்ட்ரிக் கிட்டார் எடுப்பவர்களில் நிறையப் பேர் ஆலயப் பாடகர் குழுவில் தொடங்கியவர்கள்தான். கையில் இருக்கும் பெடலும், அதாவது கிட்டாருக்கும் ஆம்புக்கும் (ஒலிபெருக்கிக்கும்) நடுவில் மாட்டிக் காலால் அமுக்கிச் சத்தத்தை மாற்றும் அந்தப் பெட்டியும், பெரும்பாலும் கடையில் வாங்கிய புதுசாக இருக்காது. வளைகுடாவிலிருந்து சித்தப்பா கொண்டு வந்தது, திருவனந்தபுரத்தில் ஏதோ ஒரு பேண்டு கலைந்தபோது பாதி விலைக்குக் கிடைத்தது, அண்ணன் வேலைக்குப் போனதும் தம்பி கைக்கு வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகை தொடங்கியதும் இவை ஒவ்வொன்றாகப் படுக்கும். "அண்ணே, பெடல் செத்துப் போச்சு" என்று தம்பிமார் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

செத்துப் போச்சு என்பதை மட்டும் வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. விளக்கு எரிகிறதா? பெடலை அமுக்காமல் விட்டால் கிட்டார் சத்தம் கேட்கிறதா? அசைத்தால் சத்தம் வந்து போகிறதா? அடிமூடியைத் திறந்து வைத்தால் ஓடுகிறதா? இவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. என் அனுபவத்தில் பழுது சர்க்யூட்டுக்குள் ஒளிந்திருப்பது குறைவு. கேபிள், கரண்ட், ஜாக், சுவிட்ச் என்று வெளிப்பக்கம் இருப்பவைதான் முதலில் போகும். அதனால் சால்டரிங் அயர்ன் கடைசியில் எடுக்க வேண்டிய சாமான். முதலில் வேண்டியவை ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று, நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த கேபிள் இரண்டு.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

பெடலை முழுசாக வெளியே எடுங்கள். கிட்டாரிலிருந்து ஒரே கேபிளில் நேராக ஆம்ப். சத்தம் சரியாக இருக்கிறதா? அதே கேபிளைக் கழற்றி, அடுத்த கேபிளையும் இப்படியே சோதியுங்கள். இரண்டும் நல்லது என்று தெரிந்த பிறகு, அந்த இரண்டையும் வைத்தே பெடலை நடுவில் கொண்டு வாருங்கள். ஐந்தாறு பெடல் வரிசையில் இருந்தால் சந்தேகப்படும் ஒன்றை மட்டும் தனியாக மாட்டுங்கள். பெடல்களை இணைக்கும் குட்டி கேபிள்கள்தான் பல நேரம் குற்றவாளி. ஒரு அரை அடி வயருக்காகப் பெடலைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பு வரும். பெடல் உங்களைப் பார்த்து இருக்கும்போது பெரும்பாலான பெடல்களில் கிட்டார் கேபிள் வலது பக்கம், ஆம்புக்குப் போகும் கேபிள் இடது பக்கம். மாற்றிக் குத்தினால் விளக்கு எரியலாம், அமுக்கினால் சத்தம் மட்டும் வராது. பெடலின் வால்யூம் குமிழ் பூஜ்யத்தில் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

விளக்கும் இல்லை, எஃபெக்ட்டும் இல்லை

இது கரண்ட் பிரச்சினை. கிட்டார் பெடல்களில் பெரும்பான்மை 9 வோல்ட் டிசியில் ஓடும். பிளக்கின் நடுத்துளை மைனஸ், வெளிச்சுற்று பிளஸ். வீட்டில் இருக்கும் மற்ற சாமான்கள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. வைஃபை ரவுட்டர், சிசிடிவி கேமரா இவற்றோடு வரும் 12 வோல்ட் அடாப்டரின் பிளக் பார்ப்பதற்கு அச்சு அசலாக இதே 5.5 மில்லிமீட்டர் அளவு. நடுத்துளை மட்டும் பிளஸ். பெடலில் சிக்கென்று உட்காரும். பாதிப் பெடல்கள் இப்படித்தான் அடிவாங்குகின்றன.

அடாப்டர் மேல் ஒரு படம் அச்சடித்திருக்கும்: நடுவில் புள்ளி, அதைச் சுற்றித் திறந்த வட்டம், இருபுறமும் பிளஸ், மைனஸ் குறி. புள்ளியோடு கோடு சேரும் பக்கம் மைனஸ் இருக்க வேண்டும். படம் அழிந்திருந்தால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையைப் பிளக்கின் துளைக்குள்ளும் கறுப்பு முனையை வெளிச்சுற்றிலும் வையுங்கள். திரையில் மைனஸ் 9 என்று வந்தால் பெடலுக்குச் சரி. மைனஸ் குறி இல்லாமல் 9 வந்தால் அதைப் பெடல் பக்கமே கொண்டு போக வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பழைய கனமான அடாப்டர்கள் 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சும்மா அளக்கும்போது 12க்கு மேலே காட்டும். அவை நிலைப்படுத்தாத வகை. பெடலுக்கு அவை வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வந்த அடாப்டரில் இன்னொரு வரியையும் படியுங்கள். இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்றிருந்தால் கவலையில்லை. அமெரிக்காவில் வாங்கிய பழைய வகையில் 120 வோல்ட் மட்டும் என்றும், ஜப்பானியத்தில் 100 வோல்ட் என்றும் இருக்கும். நம் 230 வோல்ட்டில் சொருகினால் கொஞ்ச நேரத்தில் வாசனை வரும்.

மில்லிஆம்பியர் விஷயத்தில் பயம் வேண்டாம். 1 ஆம்பியர் அடாப்டர் போட்டால் சின்னப் பெடல் எரிந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். எரியாது. பெடல் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும், வோல்ட் சரியாக இருந்தால் போதும். குறைந்தால்தான் தொல்லை. கிட்டார் சத்தத்தை முரடாக்கும் சாதாரண ஓவர்டிரைவ் பெடலுக்கு 10, 20 மில்லிஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் பெடல்கள் 100க்கு மேல் கேட்கும், சிலது 300 வரை போகும். 100 மில்லிஆம்பியர் அடாப்டரில் அதைப் போட்டால் விளக்கு மினுக்கும், தானே அணைந்து அணைந்து எரியும். பெடல் பழுது என்று நினைப்போம்.

விதிவிலக்குகளும் உண்டு. டிஜிடெக் நிறுவனத்தின் பழைய வாமி பெடல் 9 வோல்ட் ஏசி கேட்கும். ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் வைத்த சில ஃபஸ் பெடல்களில் பிளஸ்தான் கிரவுண்ட் (உலோகப் பெட்டியோடு சேரும் பொது இணைப்பு), அவற்றை மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரில் கோர்த்தால் ஷார்ட். பெடலின் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம்.

சரி, தப்பான அடாப்டரை யாரோ ஏற்கெனவே குத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்போது சரியான அடாப்டர் போட்டாலும் விளக்கு வரவில்லை. பெரும்பாலான பெடல்களில் வாசலிலேயே காவலுக்கு ஒரு டையோடு இருக்கும். பல நேரம் 1என்4001 வகை, கறுப்பு நிறம், ஒரு முனையில் வெள்ளிக் கோடு. கரண்ட் திருப்பி வந்தால் அது தன் வழியே கரண்டை வெளியே விட்டு உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றும். அதிகநேரம் தாங்கினால் தானே ஷார்ட் ஆகிவிடும். கரண்டை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, டிசி ஜாக்கின் பிளஸ் காலையும் பெடலின் உலோகப் பெட்டியையும் தொடுங்கள். விடாமல் பீப் அடித்தால் அந்த டையோடு மேல்தான் முதல் சந்தேகம். அதன் ஒரு காலை மட்டும் விடுவித்துப் பாருங்கள். பீப் நின்றால் டையோடு போயிருக்கிறது. நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ எந்த எலக்ட்ரானிக் உதிரிபாகக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். வெள்ளிக் கோடு இருந்த திசையை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு மாற்றுங்கள். சில பெடல்களில் டையோடுக்குப் பக்கத்தில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றும் கருகியிருக்கும். அதையும் பாருங்கள்.

அடாப்டரில் ஓடும், பேட்டரியில் ஓடாது

பேட்டரியை அளந்து பாருங்கள். புதுசு 9க்குச் சற்று மேலே காட்டும். 7க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றுங்கள். பேட்டரி நல்லதானால், கிட்டார் பக்கம் குத்தியிருக்கும் கேபிளின் முனையைப் பாருங்கள். அதில் கறுப்பு வளையம் ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் மோனோ, இரண்டு என்றால் ஸ்டீரியோ. பெடலின் இன்புட் ஜாக் ஸ்டீரியோ வகை. பேட்டரியின் மைனஸ் வயர் அதன் நடுத்தகட்டில்தான் சேரும். மோனோ பிளக்கின் நீண்ட உலோகப்பகுதி நடுத்தகட்டையும் கிரவுண்டையும் ஒன்றாகத் தொட்டு பேட்டரியை இயக்கும். அதாவது கேபிள்தான் பேட்டரியின் சுவிட்ச். ஸ்டீரியோ கேபிள் போட்டால் அந்த இணைப்பு நடக்காது, பெடல் பிணம் மாதிரி கிடக்கும். பெடலை அணைத்து வைத்தாலும் கேபிளைப் பிடுங்காவிட்டால் பேட்டரி தீருவதும் இதனால்தான்.

அதுவும் சரியென்றால் பேட்டரி மூடியின் சிவப்பு, கறுப்பு வயர்கள். மேல்தோல் நன்றாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். டிசி ஜாக்குக்குள் ஒரு தகடு உண்டு, அடாப்டர் குத்தியதும் பேட்டரியை விலக்குவது அதன் வேலை. அது வளைந்து திரும்பி வராமல் நின்றுவிட்டாலும் இதே அறிகுறிதான்.

அமுக்காமல் இருந்தால் சத்தம் வருகிறது, அமுக்கினால் விளக்கு எரிகிறது, சத்தம் போய்விடுகிறது

இங்கேதான் உள்ளே பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. உள்ளே வால்வு வைத்த பெடல்கள் சிலவற்றில் 200, 300 வோல்ட் இருக்கும், கரண்டை எடுத்த பிறகும் கண்டென்சரில் நிற்கும். நேராக 230 வோல்ட் வயர் உள்ளே போகும் பெடலும் அப்படித்தான். அவற்றைத் தொடக்கநிலையில் திறக்க வேண்டாம். வால்வு இல்லாத 9 வோல்ட் பெடலைத் தைரியமாகத் திறக்கலாம்.

திறந்ததும் ஒரு போட்டோ. பிறகு கண்ணால் பாருங்கள். அறுந்து தொங்கும் வயர், கருகிய இடம், தலை வீங்கிய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர், பளபளப்பு இல்லாமல் மங்கி, காலைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விழுந்த ஈயம். கரப்பான் முட்டையும் எறும்புக் கூடும் நம் ஊரில் சகஜம். பழைய டூத்பிரஷ்ஷும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் வைத்துச் சுத்தம் செய்தாலே சில பெடல்கள் எழுந்து உட்காரும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் மல்டிமீட்டர். கறுப்பு முனையை உலோகப் பெட்டியில் பிடித்துக்கொண்டு, பெடலுக்குக் கரண்ட் கொடுத்து அளவுகளைப் பாருங்கள். ஓவர்டிரைவ் பெடல்களில் நிறையவற்றில் 4558 அல்லது அதன் உறவுக்கார எட்டுக்கால் ஐசி ஒன்று இருக்கும். அதன் தலையில் உள்ள பள்ளம் மேலே இருக்குமாறு வைத்தால் இடதுபக்கம் மேலிருந்து கீழே 1 முதல் 4, வலதுபக்கம் கீழிருந்து மேலே 5 முதல் 8. எட்டாவது காலில் 9க்குக் கிட்டத்தட்ட வர வேண்டும், நான்காவது காலில் பூஜ்யம். 1, 7 இரண்டும் ஐசியின் வெளிவாசல்கள். அங்கே பாதி, அதாவது 4.5க்கு அருகில் இருக்க வேண்டும். எட்டில் 9 இருக்கிறது, ஆனால் ஒன்றிலோ ஏழிலோ பூஜ்யமோ 8க்கு மேலோ ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த ஐசியும் அதைச் சுற்றி இருப்பவையும்தான் நோயாளி. ஐசி சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தால் அதிர்ஷ்டம், பிடுங்கி வேறு போட்டுப் பார்க்கலாம்.

வோல்ட் எல்லாம் சரி, சத்தம் மட்டும் இல்லை என்றால் காதால் தேட வேண்டும். அதற்கு ஒரு கருவி வேண்டும், வீட்டிலேயே செய்துவிடலாம். ஒரு பக்கம் போன பழைய கிட்டார் கேபிளை எடுத்து, கெட்ட பக்கத்துப் பிளக்கை வெட்டி எறியுங்கள். வெளிவலைக் கம்பியில் ஒரு முதலைவாய் கிளிப். நடுக்கம்பியில் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சர் ஒன்று, மேலே 104 என்று அச்சடித்திருக்கும். அதன் ஒரு காலை நடுக்கம்பியோடு பற்றவைத்து டேப் சுற்றிவிடுங்கள். மறுகால்தான் உங்கள் ஊசி. டிசி வோல்ட் ஆம்புக்குள் போகாமல் தடுக்கத்தான் கண்டென்சர், அதை விட்டுவிட்டுச் செய்யாதீர்கள். நல்ல பக்கத்துப் பிளக்கை ஆம்பில் குத்தி வால்யூமை மிகவும் குறைத்து வையுங்கள். கிளிப் பெடலின் கிரவுண்டில்.

பெடலுக்குள் ஏதாவது சத்தம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒத்தாசைக்கு ஆள் இருந்தால் கிட்டாரைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்லலாம். இல்லையென்றால் செல்போனில் ஏதாவது பாட்டைப் போட்டு, ஹெட்போன் வாயிலிருந்து கால் அங்குலப் பிளக்குக்கு ஒரு வயர் வைத்துக் குறைந்த சத்தத்தில் விடலாம். இப்போது பெடலை அமுக்கி இயக்கத்தில் வைத்து, இன்புட் ஜாக்கின் முனைத்தகட்டை ஊசியால் தொடுங்கள். பாட்டு கேட்கும். அடுத்து சுவிட்ச்சின் கால். அடுத்து போர்டில் உள்ளே போகும் வயர் சேரும் இடம், முதல் கண்டென்சரின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், டிரான்ஸிஸ்டர், ஐசியின் கால்கள், வால்யூம் குமிழ், திரும்ப சுவிட்ச், அவுட்புட் ஜாக். வண்டி நாகர்கோவிலில் புறப்பட்டது, குழித்துறையில் நின்றது, பாறசாலைக்கு வரவில்லை என்றால் எங்கே தேடுவீர்கள்? அதே கணக்குதான். கடைசியாகக் கேட்ட இடத்துக்கும் முதலில் கேட்காமல் போன இடத்துக்கும் நடுவில்தான் பழுது. ஐசிக்குள் போகிறது, வெளியே வரவில்லை என்றால் ஐசி. குமிழின் ஒரு காலில் இருக்கிறது, நடுக்காலில் எப்படித் திருப்பினாலும் இல்லை என்றால் குமிழ். சர்க்யூட் வரைபடம் படிக்கத் தெரியாதவர்கள்கூட இதைச் செய்துவிடலாம். ஊசி ஒரே நேரத்தில் இரண்டு கால்களைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் முழுவதும் போகாமல், அமுக்கினால் கிட்டாரைவிட மெலிதாக வந்தால் அதுவும் இதே தேடல்தான். எந்த இடத்தில் திடீரென்று குறைகிறது என்று கேளுங்கள்.

அசைத்தால் வரும், விட்டால் போகும்

ஜாக்தான். வெளியே இருக்கும் நட்டு தளர்ந்து ஜாக் சுற்றிச் சுற்றி உள்ளே வயர் முறுக்கி அறுந்திருக்கும். நட்டை இறுக்கும்போது உள்ளே ஜாக்கை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். போர்டிலேயே ஜாக் பற்றவைத்த பெடலானால், அதன் கால்களைச் சுற்றிய ஈயம் வெடித்திருக்கும். 25 வாட் அயர்னில் பழைய ஈயத்தைச் சூடாக்கி, 60க்கு 40 ஈயக் கம்பியை லேசாகத் தொட்டால் போதும். முதலில் காலும் போர்டின் செம்பும் சூடாக வேண்டும், பிறகுதான் ஈயம். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கி எடுத்துப் பூசினால் அது ஒட்டாமல் உருண்டையாக நிற்கும், அடுத்த ஒத்திகையில் மறுபடியும் வரும்.

முனைத்தகடு தளர்ந்து பிளக்கைப் பிடிக்காமல் இருந்தால் மெல்ல உள்பக்கம் வளைத்துவிடலாம்.

குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று தனிப் பிரச்சினை. போதாததற்கு இந்த மாவட்டத்துக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, துலா (வடகிழக்குப் பருவ) மழையும் உண்டு. ஜாக்கின் தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயைப் பிளக் மேல் அடித்து, பத்துப் பதினைந்து தடவை குத்திக் குத்தி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேல்பூச்சு போய், அடுத்த மழைக்கு இன்னும் சீக்கிரம் பூக்கும். ரப்பர் ஷீட் காயப்போடும் அறையில் பெடலை வைக்கிற வீடுகளும் உண்டு. ரப்பர் பாலை உறையவைக்கப் பயன்படும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி செம்பை அரிக்கும். வேறு இடம் பாருங்கள்.

குமிழைத் திருப்பினால் கரகரப்பு

காண்டாக்ட் கிளீனரைக் குமிழின் கால்களுக்கு மேலே உள்ள இடைவெளியில் ஒரு சொட்டு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இருபது முப்பது தடவை திருப்புங்கள். கீலுக்கு அடிக்கும் துருநீக்கி எண்ணெய் இதற்கு ஆகாது, பிசுபிசுப்பு தங்கி தூசியைப் பிடித்துக்கொள்ளும். கிளீனர் போட்டும் கரகரப்பு மாறவில்லை என்றால் குமிழை மட்டும் குறைசொல்ல வேண்டாம். அதற்கு முன்னால் உள்ள கண்டென்சர் ஒழுகி டிசி வோல்ட் குமிழுக்கு வரலாம். மல்டிமீட்டரில் குமிழின் கால்களை அளந்து பார்த்தால் தெரியும்.

இரைச்சல், உறுமல், கீச்

இதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். முதலில் ஒரு உண்மை: கெயின் குமிழை (சத்தத்தை எத்தனை மடங்கு பெருக்குவது என்று வைப்பது) முழுக்கத் திருப்பினால் எந்த டிஸ்டார்ஷன் பெடலும் "ஸ்ஸ்" என்று இரையும். அது பழுது இல்லை.

"ம்ம்ம்" என்ற உறுமலா, "ஸ்ர்ர்ர்" என்ற முரட்டுச் சத்தமா என்று கேளுங்கள். கிட்டாரைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே சுற்றிப் பாருங்கள். திசைக்குத் திசை உறுமல் கூடிக் குறைந்தால் அது பெடல் இல்லை, கிட்டாரின் சிங்கிள் காயில் பிக்கப் (கம்பிக்கு அடியில் அதிர்வைப் பிடிக்கும் ஒற்றைச் சுருள்), அக்கம்பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரையும் டியூப்லைட் சோக்கையும் ஃபேன் ரெகுலேட்டரையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. தள்ளி நின்றால் போதும். கம்பியைத் தொட்டதும் முரட்டுச் சத்தம் குறைந்தால் கிட்டாரின் கிரவுண்ட் சரியாக இருக்கிறது என்றே பொருள்.

பேட்டரியில் சத்தமில்லாமல் ஓடுகிற பெடல் அடாப்டரில் இரைந்தால், அடாப்டரைத்தான் மாற்ற வேண்டும். செல்போன் சார்ஜர் மாதிரி எடை குறைந்த மலிவான எஸ்எம்பிஎஸ் அடாப்டர்கள் கொசு மாதிரி கீச்சிடும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி வயரில் ஐந்து பெடலுக்குக் கொடுத்திருந்தால், அதில் ஒரு டிஜிட்டல் பெடல் இருக்கிறதா பாருங்கள். அதை மட்டும் தனி அடாப்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும். காசு இருந்தால் ஒவ்வொரு வாயும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்குங்கள். அடுத்த பெடல் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்குவது நல்லது என்பது என் கட்சி.

கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறியதும் உறுமல் வந்தால் பெடலைத் தொடவே வேண்டாம். விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சுத்தமான அலை தருவதில்லை, கட்டம் கட்டமாகத் தரும். அந்த முரட்டு ஓரங்கள் அடாப்டர் வழியாக வந்து கெயின் பெடலில் பெரிதாகும். ஜீப்பில் ஜெனரேட்டர் வைத்துக் கேரல் சுற்றும்போதும் இரைச்சல் வரலாம். அந்த ஒரு இரவுக்குப் பேட்டரிதான் மருந்து.

கைவைக்காமலே "க்கீ" என்று அலறினால், இரண்டு கெயின் பெடல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஓடுகின்றனவா பாருங்கள். ஒன்றைக் குறையுங்கள். தனியாக இருந்தும் அலறினால் உள்ளே இன்புட் வயரும் அவுட்புட் வயரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றனவா என்று திறந்து பார்த்து, பிரித்து விடுங்கள். அடிமூடி போடாமல் சோதித்தால் உறுமத்தான் செய்யும், அந்தத் தகரம்தான் கவசம். இரைச்சலைப் பற்றிய தீர்ப்பை மூடியபிறகு சொல்லுங்கள்.

கம்பியைத் தொட்டபடி மைக்கில் உதடு பட்டால் சுரீர்

வாசிப்பதை உடனே நிறுத்துங்கள். இது பெடலின் பழுதே இல்லை. கிட்டார் ஆம்புக்கும் மைக் போகும் மிக்ஸருக்கும் எர்த்தில் பிரச்சினை இருக்கிறது, இது உயிர் போகும் விஷயம். பழைய ஆலயங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. உறுமல் குறைகிறது என்று ஆம்பின் பெரிய மூன்றாவது பின்னை வெட்டிவிடும் பழக்கம் இருக்கிறதே, அதைவிடக் கெட்ட யோசனை இல்லை. ஆம்பும் மிக்ஸரும் எர்த் உள்ள ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து எர்த்தை அளந்து சொல்லும்வரை எலக்ட்ரிக் கிட்டாரை உறையில் போடுங்கள். அன்றைக்கு அக்கூஸ்டிக் போதும்.

திறந்தால் ஓடும், மூடினால் ஓடாது

எதுவோ பெட்டியைத் தொடுகிறது. குமிழ்களின் பின்பக்கம் போர்டின் ஈயக் கால்களை முட்டுவதும், நீண்ட கால்கள் அடிமூடியைத் தொடுவதும் வழக்கம். கால்களை வெட்டிவிட்டு, அடிமூடியின் உள்பக்கம் இன்சுலேஷன் டேப்போ கெட்டி அட்டையோ ஒட்டுங்கள். பேட்டரியின் உலோக உடம்பு போர்டின்மேல் படுத்திருந்தாலும் இதே கதிதான்.

அமுக்கினால் மாறுவதில்லை, அல்லது டப் என்று வெடிக்கிறது

சுவிட்ச்சில் இரண்டு வகை. அமுக்கும்போது கனமாக "கடக்" என்று சத்தம் வந்தால் ஒன்பது கால் உள்ள 3பிடிடி சுவிட்ச். மூன்று மூன்றாக மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் நடுக்கால், ஒருமுறை அமுக்கினால் ஒரு பக்கத்துக் காலோடும் அடுத்த முறை மறுபக்கத்துக் காலோடும் பீப் அடிக்க வேண்டும். ஏதாவது வரிசை தவறினால் சுவிட்ச்சை மாற்றுங்கள். உள்ளூர்க் கடையில் கிடைப்பது கஷ்டம், ஆன்லைனில் கிடைக்கும். பற்றவைக்கும்போது ஒரே காலில் நெடுநேரம் அயர்னை வைத்தால் உள்ளே பிளாஸ்டிக் உருகிப் புது சுவிட்ச்சும் போய்விடும். ஒரு கால், கொஞ்சம் ஆறவிட்டு அடுத்தது.

பாஸ் (Boss) நிறுவனத்தின் பெடல்கள் மாதிரி அகலமான மிதிகட்டை இருந்தால், அடியில் ஒரு சின்னப் பட்டன் சுவிட்ச்தான் இருக்கிறது. சத்தத்தை மாற்றுவது உள்ளே இருக்கும் டிரான்ஸிஸ்டர்கள். மிதி எடுக்காவிட்டால் பெரும்பாலும் அந்தப் பட்டன்தான் தேய்ந்திருக்கும். விலை மிகக் குறைவு.

எஃபெக்ட் நன்றாக வேலைசெய்து விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் எல்இடியோ அதன் ரெசிஸ்டரோ சுவிட்ச்சின் மூன்றாவது வரிசையோ. வாசிக்கலாம், அவசரமில்லை. மாற்றும்போது டப் என்று சத்தம் வந்தால், நான்கைந்து தடவை அமுக்கிப் பாருங்கள். போகப்போகக் குறைந்து மறைந்தால் விட்டுவிடலாம். குறையாவிட்டால் இன்புட்டிலோ அவுட்புட்டிலோ டிசி தேங்குகிறது. சுவிட்ச்சிலிருந்து வரும் அந்த வயர் போர்டில் சேரும் இடத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையே 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் பெரும்பாலும் தீரும்.

பட்டன், திரை, நூறு டோன் உள்ள மல்டி எஃபெக்ட்

இதில் ஊசியும் அயர்னும் எடுபடாது. அரிசிமணியைவிடச் சின்ன உறுப்புகள், ஐசிக்குள் எழுதிவைத்த மென்பொருள். நீங்கள் செய்யக்கூடியவை மூன்று: சரியான அடாப்டர்தானா பார்ப்பது, ஜாக்கைச் சுத்தம் செய்வது, ஃபாக்டரி ரீசெட். கடைசியதை எப்படிச் செய்வது என்று மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். ரீசெட் செய்தால் நீங்கள் சேமித்த டோன்கள் அழியும், முதலில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். திரை எரிந்து சத்தம் இல்லாவிட்டால் ரீசெட்டுக்கு முன்பே வால்யூம், எக்ஸ்பிரஷன் பெடல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதம் பின்னால் சாய்ந்திருந்தால் சத்தம் பூஜ்யம்தான். இதற்கெல்லாம் அசையவில்லை என்றால் வாரண்டி இருக்கும்வரை திறக்காமல் கொண்டு கொடுங்கள். வாரண்டி முடிந்த மலிவான மல்டி எஃபெக்ட்டைச் செலவு செய்து சரிபார்ப்பதைவிட, அதே காசுக்குப் பழைய ஓவர்டிரைவ் பெடல் ஒன்று வாங்குவதைத்தான் நான் சொல்வேன். பழுதானாலும் அதைத் திறந்து பார்க்க முடியும்.